நான் விரித்த நான்காவது படுக்கை

நம்புகிறவர்கள் நம்பட்டும். யாரோ சொல்லிக் கேட்டதை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் படுக்கையை விரித்தவன் நான். அந்தப் போர்வையை உதறி மடித்தவன் நான். ஏழு நாளும், காலையும் மாலையும், அந்த அறைக்குள் போய் வந்தவன் நான். கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் மட்டும் சொல்ல மாட்டேன். இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

என் பெயர் செல்வின். பதினோரு வருடமாக உல்லாசக் கப்பலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டெக்சாஸில் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஞாயிறு மாலை கிளம்புவோம். கொசுமெல், பெலீஸ், ரோவட்டான் என்று கரீபியன் கடல் ஊர்களைச் சுற்றிவிட்டு அடுத்த ஞாயிறு காலை திரும்புவோம். ஒரு கூட்டம் இறங்கும். நாலு மணி நேரத்தில் அடுத்த கூட்டம் ஏறும். எனக்குப் பதினாறு அறைகள். காலையில் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். மாலையில் அவர்கள் சாப்பிடப் போன பிறகு இன்னொரு தடவை போய்ப் படுக்கையை விரித்து, துண்டை மடித்து யானையோ குரங்கோ செய்து தலையணை மேல் உட்கார வைத்துவிட்டு வர வேண்டும். அந்தத் துண்டுப் பொம்மைக்காகவே குழந்தைகள் அறைக்கு ஓடி வரும்.

நான் சொல்வது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி மாதம். எட்டாவது தளம். அறை எண் 8214.

அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பலில் எல்லாக் கதவும் இரும்புக் கதவு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. அதனால் வீட்டிலிருந்தே காந்தப் பொம்மைகள் கொண்டு வந்து தங்கள் கதவில் ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பொம்மையிலும் வீட்டில் ஒருவர் பெயர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 8214 கதவில் நான்கு மஞ்சள் மீன்கள் ஒட்டியிருந்தன.

டாரல். நோரீன். மேபல். வெஸ்லி.

என் கையில் ஒரு தாள் இருந்தது. எந்த அறையில் எத்தனை பேர் என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் 8214-க்கு நேராக 3 என்று இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. மீன்களைத்தான் எண்ணினேன். தாள் அடிக்கடி தப்பும், கதவு தப்பாது. இத்தனை வருடம் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

அந்த அறையில் ஒரு பெரிய கட்டில், ஒரு சோபா. சோபாவை இழுத்தால் படுக்கை ஆகிவிடும். அதற்கு மேலே, கூரையோடு கூரையாக மடங்கி ஒரு மேல்படுக்கை. அதைத் திறக்கிற சாவி என்னிடம்தான் இருக்கும். சோபாவில் ஒரு முயல் பொம்மை கிடந்தது. ஆறு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை மேலே படுக்க வைக்கக் கூடாது என்பது விதி. சரி, முயல்காரி கீழே. அப்போ வெஸ்லி பெரியவன், மேலே.

மாலை 7:40. சாவியைப் போட்டுத் திருப்பினேன். மேல்படுக்கை இறங்கியது. ஏணியை மாட்டினேன். புது விரிப்பு, புதுப் போர்வை. கால்மாட்டில் இறுக்கிச் செருகினேன். தலையணை மேல் ஒரு யானை.

8:55 இருக்கும். நடைபாதையில் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். 8214-லிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த முகம். கையில் என் யானை.

"மேலே படுக்கை போட்டது நீங்களா?"

"ஆமா மேடம். வெஸ்லிக்கு. ஏணி ஆடாம நல்லா மாட்டியிருக்கேன், பயப்படாதீங்க."

அவள் யானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னாலேயே கணவர் வந்தார். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து.

"விடு நோரீன். அவருக்கு எப்படித் தெரியும்?" என்றவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க மூணு பேருதான் தம்பி. வெஸ்லி இப்ப இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. பேரை மட்டும் ஒட்டுவோம், அவ்ளோதான்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"மன்னிச்சிருங்க சார். இப்பவே மடக்கிடறேன்."

நான் சாவியை எடுத்தேன். நோரீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"வேண்டாம் கண்ணு. இருக்கட்டும். மேலே படுக்கத்தான் ஆசைப்பட்டிருப்பான்." கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "கடைசி நாள் வரைக்கும் இப்படியே போட்டு வைங்க. எனக்காக."

நான் டாரலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

ஆள் இல்லாத படுக்கையைத் திறந்து வைக்கக் கூடாது. மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

திங்கள். அன்று முழுக்கக் கடல்தான், கரை கிடையாது. காலை 9:20-க்குப் போனேன். அவர்கள் காலை உணவுக்குப் போயிருந்தார்கள்.

மேல்படுக்கையில் ராத்திரி யாரோ படுத்து எழுந்திருந்தார்கள்.

அம்மாக்காரிதான் ஏறிப் படுத்து அழுதிருப்பாள் என்று நினைத்தேன். மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் மூன்று விஷயம் உறுத்தியது. ஒன்று, விரிப்பு ஈரம். இன்னொன்று, கால்மாட்டில் நான் செருகியிருந்த போர்வை முழுக்க வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது, நோரீன் திரும்ப மேலே வைத்திருந்த அந்த யானை. பிரித்துப் போட்டிருந்தது. துண்டு கசங்கி, ஈரமாகி, உடம்பு துடைத்த துண்டு மாதிரி சுருண்டு கிடந்தது.

துண்டுப் பொம்மையைக் குழந்தைகள் பிரிக்கவே மாட்டார்கள். வாரம் முழுக்க வரிசையாக வைத்துக்கொண்டு, பிரித்தால் அழுவார்கள்.

முகர்ந்து பார்த்தேன். டீசலும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாடை. உப்பு வாடையும் இருந்தது.

விரிப்பை மாற்றிவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய் மாலை 4:15. மேபல் நடைபாதையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது, முன்பல் இரண்டு இல்லை. இப்போதெல்லாம் கப்பல் பயணத்தில் பிள்ளைகளுக்கு ரப்பர் வாத்து விளையாட்டு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து பை நிறைய வாத்து கொண்டு வந்து கப்பல் முழுக்க ஒளித்து வைப்பார்கள். கண்டுபிடிக்கிறவர்களுக்கு அது சொந்தம்.

"மிஸ்டர் செல்வின், இங்க வாத்து இருக்கான்னு பாருங்க. உங்க வண்டியில ஒளிக்கல, சத்தியமா."

வண்டியில் மூன்று வாத்து இருந்தது.

"கள்ளி!" என்றேன். பொக்கை வாயால் சிரித்தாள்.

"ஒரு ரகசியம் சொல்லவா? ஒண்ணை மேலே ஒளிச்சு வச்சேன். வெஸ்லிக்கு. அவன் கண்டுபிடிச்சிட்டான்."

"அப்படியா?"

"இப்ப அவன் ஒளிக்கிறான். நான் தேடறேன். நேத்து சோபாவுக்கு அடியில. இன்னிக்கு பால்கனிக் கதவுகிட்ட. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வைப்பான்."

"நீ அவனைப் பார்த்தியாம்மா?"

"இருட்டா இருக்கும்ல. கால் மட்டும் தெரியும்."

"கால்னா?"

"மேலேருந்து தொங்கும். சொட்டுச் சொட்டா தண்ணி விழும், என் முயல் மேல." அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அம்மா சொன்னாங்க, அவன் இப்ப வளர்ந்திருப்பானாம்."

அன்று வேலை முடிந்து சாப்பிடும்போது நியோமன் எதிரே உட்கார்ந்தான். பாலித் தீவுக்காரன். என் பக்கத்து வரிசை அறைகள் அவனுடையவை. எதற்கும் சிரிப்பான்.

"ஏன் பிரதர், மூஞ்சி வெளுத்த துணி மாதிரி இருக்கு? லக்கேஜ்ல பாம்பு கீம்பு பார்த்தியா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பையன் எங்க செத்தான்?"

"அமெரிக்காவுல ஒஹையோக்காரங்க, கடலே இல்லாத ஊரு. அங்கதான் இருக்கும்."

"ஒஹையோ எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? நடுக்கடல்ல ஒரு காலிப் படுக்கை விரிச்சு, வாடா வாடான்னு தினமும் கூப்பிட்டா, அவ்ளோ தூரத்துலேருந்தா கிளம்பி வருவான்? பக்கத்துல இருக்கறவன் எவனோ, அவன்தான் முதல்ல ஏறுவான்."

நான் அவனையே பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான்.

"சும்மா சொன்னேன், பிரதர். சாப்பிடு. மிளகாய் சட்னி போட்டுக்கோ, பயம் போயிரும்."

புதன் காலை வாத்து, பால்கனிக் கதவுக்கு வெளியே இருந்தது.

மேபல்தான் நினைவுக்கு வந்தாள். எட்டாவது தளம். கீழே கடல். அந்தக் கதவில் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் உண்டு, சின்னப் பிள்ளைக்கு எட்டாது. அது ஒன்றுதான் ஆறுதல். நோரீன் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"மேடம், அந்தப் படுக்கையை மடக்கிடட்டுமா? மேபல் என்னமோ பால்கனி, வாத்துன்னு சொல்றா..."

"செல்வின், உட்காருங்க." நான் உட்காரவில்லை. விருந்தாளி அறையில் நாங்கள் உட்கார மாட்டோம். "நேத்து ராத்திரி அந்த ஏணி கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. மெத்தை அமுங்கற சத்தம் கேட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு நான் தூங்கினேன், தெரியுமா? மாத்திரை இல்லாம."

"சரி மேடம். ஆனா பாப்பாவுக்கு ஏதாவது..."

"கூடப் பிறந்தவன் அவளை என்ன பண்ணிருவான்?" குரல் கூர்மையாகிவிட்டது. பிறகு தணிந்தது. "உங்களப் பத்தி ரொம்ப நல்லா எழுதிக் குடுத்திருக்கேன் கண்ணு. உங்க பெரியவங்க படிப்பாங்க."

எனக்கு அந்த மாதம்தான் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் இந்த மாதிரி எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் வரும். அவளுக்கு அது தெரிந்திருக்குமா, தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வியாழக்கிழமை மாலை மனசு கேட்கவில்லை. 7:35. அவர்கள் சாப்பிடப் போன பிறகு மேல்படுக்கையைத் தூக்கி மடக்கினேன். பூட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஏணியை அலமாரிக்குள் வைத்தேன். சாவி என் சட்டைப் பையில். தூங்கும்போதும் அது என் பையில்தான் இருந்தது.

வெள்ளி காலை 9:10. கதவைத் திறந்தேன்.

மேல்படுக்கை இறங்கியிருந்தது. ஏணி மாட்டியிருந்தது. விரிப்பு நனைந்து, கால்மாட்டில் போர்வை தொங்கியது.

பால்கனியில் நாற்காலியின் மேல் வாத்து.

நோரீன் வந்தாள். "நேத்து மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன். அப்புறம் வந்து போட்டுட்டுப் போயிருக்கீங்க. தேங்க்ஸ், கண்ணு."

நான் போடவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் குளியலறைக்குள் போய்விட்டாள்.

அன்று மாலைதான் அது நடந்தது.

வெள்ளி மாலை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார்கள். பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று பிள்ளைகளைப் பன்னிரண்டாவது தளத்தில் குழந்தைகள் கிளப்பில் விட்டுவிடுவார்கள். வெளியே மழை. கப்பல் லேசாக ஆடியது. டாரல் கழுத்து டையை இழுத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்.

"இதை எவன் கண்டுபிடிச்சான்னு தெரியல தம்பி. என் மாட்டுக்குக்கூட இவ்ளோ இறுக்கிக் கட்ட மாட்டேன்."

பின்னால் நோரீன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேபல், வெள்ளைக் கவுனில்.

7:46-க்கு 8214-க்கு வந்தேன். மூன்று தடவை தட்டினேன். வழக்கம் அது. யாரும் இல்லை.

அட்டையைக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு விசில். ஊஊஊ என்று.

கப்பலில் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். பால்கனிக் கதவு திறந்திருந்தால் காற்று இந்தக் கதவை அழுத்திப் பிடிக்கும். இடுக்கில் விசிலடிக்கும்.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

உள்ளே இருட்டு. சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. நடைபாதை வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. திரைச்சீலை உள்ளே பறந்துகொண்டிருந்தது. மேல்படுக்கை இறங்கியிருந்தது. காலி.

பால்கனித் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அந்த உயரத் தாழ்ப்பாள்.

வெளியே நாற்காலி. நாற்காலி மேல் மேபல்.

வெள்ளைக் கவுன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கால் நாற்காலியில். ஒரு கால் கைப்பிடிக் கம்பியின் மேல். கம்பி மேல் வாத்து. அவள் வாத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். தூக்கச் சொல்லிக் குழந்தைகள் நீட்டுவார்களே... அப்படி.

முன்னால் ஒன்றும் இல்லை. கடல்தான்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

பதினெட்டுக் கிலோ இருக்கும் ஒரு பிள்ளை... வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தது.

"ஏசுவே!" என்று கத்தினேன்.

சட்டென்று விட்டது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம்.

மேபல் கோபமாகச் சொன்னாள். "ஏன் மிஸ்டர் செல்வின்? இன்னும் ஒரு எட்டுதான். தூக்கிக்கறேன்னு சொன்னான்."

அப்போது அறைக்குள் சத்தம் கேட்டது.

கிறீச்...

ஏணி.

ஒரு படி. இன்னொரு படி. மெத்தை அமுங்கியது.

நடைபாதைக் கதவுக்குப் போக அந்தப் படுக்கைக்குக் கீழேதான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

மேபலைத் தோளில் போட்டேன். அவள் முகத்தை என் கழுத்தில் அழுத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பதினோரு எட்டு. எண்ணினேன்.

ஆறாவது எட்டில், என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

சில்லென்று.

நான் மேலே பார்க்கவில்லை.

நடைபாதையில் வந்து உட்கார்ந்தபோது மணி 7:49. மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவலர்கள் வந்தார்கள். டாரலும் நோரீனும் ஓடி வந்தார்கள். குழந்தைகள் கிளப்பிலிருந்து கீஷா என்ற ஜமைக்காப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அங்கே பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போக ஒரு ரகசிய வார்த்தை சொல்ல வேண்டும். குடும்பம் தானே முதல் நாள் எழுதிக் கொடுத்த வார்த்தை. அது இல்லாமல் விட மாட்டார்கள்.

"அவங்க அப்பாதான் வந்தாரு, 7:31-க்கு," என்றாள் கீஷா. அழுதுகொண்டிருந்தாள். "வாசல்ல ஏகப்பட்ட கூட்டம். மழை வேற, எல்லாரும் நனைஞ்சு நிக்கறாங்க. வார்த்தையைக் கேட்டேன், 'வெஸ்லி'ன்னு சரியாச் சொன்னாரு. பாப்பாவும் ஓடிப் போயிட்டா. விட்டுட்டேன்."

"நான் வரவே இல்லையே!" டாரல் கத்தினார். "நோரீன், நான் மேசையிலதானே இருந்தேன்?"

"நடுவுல எழுந்து கேசினோ போனியே, டாரல்."

"கேசினோவுக்குத்தான் போனேன்! கிளப்புக்குப் போகல!"

நோரீன் மேபலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு கிளாஸ் குடிச்சிருந்தே. உனக்கே ஞாபகம் இல்ல."

அப்படித்தான் முடித்தார்கள். அப்பா குடித்திருந்தார், பிள்ளையைக் கூட்டி வந்து அறையில் விட்டார், பால்கனிக் கதவை மூடாமல் போய்விட்டார் என்று காவலர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த மனிதர் குழந்தை மாதிரி தேம்பினார். மேல்படுக்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் அறையில் நாலாவது படுக்கை ஏன் என்று கேட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். நானும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்று எழுதுகிறேன். வேறு என்ன செய்ய?

கப்பல் நிறைந்திருந்தது, மாற்று அறை இல்லை. டாரல் சொல்லி, பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டு போட்டார்கள். நான் மேல்படுக்கையை மடக்கிப் பூட்டி, தடிமனான நாடாவால் சுற்றிலும் ஒட்டினேன். மேபலை இருவருக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொண்டார்கள்.

சனி மாலை 7:40. கடைசி மாலை. பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். நான் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தட்.

மேலே. மூடிய படுக்கைக்குள்.

தட்... தட்.

உள்ளேயிருந்து.

திரும்பினேன். வாசலில் நோரீன் நின்றிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள். பயமே இல்லாமல் உள்ளே வந்தாள். சோபாவில் ஏறி நின்று உள்ளங்கையைக் கூரையில் வைத்தாள்.

"நாளைக்கு வீட்டுக்குப் போறோம், ராஜா. இங்க தனியா இருக்காதே. நீயும் எங்ககூட வந்துரு."

தட்டுவது நின்றது.

எனக்கு... உண்மையைச் சொல்கிறேன்... நிம்மதியாக இருந்தது. பிள்ளை அம்மாவோடு போகிறான். என் அறையைவிட்டுப் போகிறான். அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு காலை 8:52. கால்வெஸ்டன். நடைபாதை முழுக்கப் பெட்டி உருளும் சத்தம். நோரீனும் மேபலும் முன்னால் போய்விட்டார்கள், லிப்டை நோக்கி. நான் அவர்கள் முதுகைத்தான் பார்த்தேன். மேபலின் வலது கையை நோரீன் பிடித்திருந்தாள். மேபல் இடது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கியிருந்தாள். எனக்கு டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன். அவள் திரும்பவில்லை. கையை இறக்கவும் இல்லை. லிப்டுக்குள் போய்விட்டார்கள்.

டாரல் கதவிலிருந்து மீன்களை உரித்துக்கொண்டிருந்தார். மூன்று மீன்தான் இருந்தது.

"வெஸ்லியை நோரீன் எடுத்துட்டுப் போயிட்டா போல," என்றார். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது அவருக்கு. "அவளைத் தப்பா நினைக்காதீங்க தம்பி. என் மகளைக் காப்பாத்தினீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்." ஏதாவது ஆறுதலாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. "வெஸ்லி எத்தனை வயசுல போனான் சார்?"

அவர் கையிலிருந்த மீன்களைப் பார்த்தார்.

"வயசா? அஞ்சு மாசம், தம்பி. தொட்டில்ல தூங்கினவன் எழுந்திருக்கவே இல்ல. குப்புற விழக்கூடக் கத்துக்கல."

போய்விட்டார்.

நான் காலி அறைக்குள் நின்றேன். மேலே, ஒட்டிய நாடா கிழியாமல் அப்படியே இருந்தது.

ஐந்து மாதக் குழந்தையின் கால் படுக்கையிலிருந்து கீழே தொங்குமா? கால்மாட்டுப் போர்வையை உதைத்து வெளியே தள்ளுமா? துண்டை எடுத்து உடம்பைத் துடைத்துக்கொள்ளுமா?

கீஷா யாரைப் பார்த்து அப்பா என்று நினைத்தாள்? நியோமன் சொன்ன அந்தப் 'பக்கத்துல இருக்கறவன்' யார்?

லிப்டுக்கு ஓடினேன். 9:04. கீழே ஓடினேன். வாசலில் கூட்டம். அவர்களைக் காணவில்லை. ஒஹையோவில் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

மேபலின் கை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தலைக்கு மேலே, நேராக, அத்தனை உயரத்தில். விரல்கள் விரிந்திருக்கவில்லை.

மூடியிருந்தன.

எதையோ பிடித்திருந்தன.